சொல்லாமல் விட்ட மருந்து: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, நகருக்குள் வாக்கப்பட்டுப் போன ஒரு பெண்ணின் நோய் வரலாறு இது. அவருக்கு வந்திருப்பது இருமுனை மனநோய். 20 வயதில் தொடங்கியது. இப்போது அவருக்கு 26 வயது. இரண்டாம் முறை அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் அவருடைய குடும்பத்தோடு பேசும் பொறுப்பு மனநல சமூகப் பணியாளராகிய என்னிடம் வந்தது. அதற்கு முந்தைய செய்திகளைப் பழைய சீட்டுகளிலிருந்தும், அவரும் அவருடைய தாயும் கணவரும் தனித்தனியே சொன்னவற்றிலிருந்தும் தொகுத்திருக்கிறேன். மூவர் சொன்னதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத அந்த இடங்களே எனக்கு அதிகம் கற்றுத் தந்தன.

நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே இங்கே பெயர் எதுவும் இல்லை. தொழில், வயது, மாதம் ஆகிய விவரங்களில் சில மாற்றப்பட்டிருக்கின்றன. எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். நான் நீக்கிவிடலாமா என்று கேட்ட ஓரிடத்தை, "அது இருக்கட்டும் மேடம், அதுதானே நடந்துச்சு" என்று அவரே நிறுத்தி வைத்தார்.

மனநோய் பற்றிய இழிவு என்றதும் வசைச் சொற்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. கிறுக்கு, லூசு, மெண்டல் என்பவை எங்கும் உள்ளவை. 1794 முதல் வரலாறு கொண்ட சென்னை மனநல மருத்துவமனை, அது இருக்கும் இடத்தின் பெயராலேயே, 450 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைத் தெருவிலும் "கீழ்ப்பாக்கத்துக்குப் போ" என்று வசையாகிப் பல காலம் ஆகிறது. ஆனால் இந்தப் பெண்ணை யாரும் நேருக்கு நேர் அப்படி அழைத்ததில்லை. காரணம் எளியது: யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காக அவர் குடும்பம் மூன்று முறை மூன்று வேறு நோய்களின் பெயரைச் சொன்னது. சொன்ன நோய்க்கு ஏற்ற வைத்தியத்தை ஊரும் உறவும் நல்லெண்ணத்தோடு செய்தன. இந்த நிகழ்வில் நான் முதன்மையாகக் காட்ட விரும்புவது, அந்த மூன்று பொய்களும் மருந்தோடு எவ்வாறு மோதின என்பதைத்தான்.

மஞ்சள் காமாலை

கல்லூரி இறுதியாண்டு, தை மாதம். ஐந்து இரவுகள் அவர் உறங்கவில்லை. உறங்காத களைப்பும் இல்லை. பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. பேருந்து நிலையத்தில் பூ விற்ற பெண்மணிக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தன்மேல் குலதெய்வம் இறங்கியிருப்பதாகவும், ஊருக்கு மழை வரவழைக்கும் பொறுப்பு தன்னிடம் தரப்பட்டிருப்பதாகவும் சொன்னார். அவருடைய வீட்டில் இதற்குத் தயாராக ஒரு விளக்கம் இருந்தது: காத்துக் கருப்பு அண்டிவிட்டது. கோடாங்கி வந்து உடுக்கை அடித்துக் குறி சொன்னார். மதுரை மேலமடையில் உள்ள பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிச் சென்றார்கள். இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன.

கோயிலுக்குப் போனதை நான் பிழையாகக் கருதவில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, அங்கே தங்கிய காலத்தில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அடிக்காத, கட்டாத, வேளைக்குச் சோறும் அமைதியும் தருகிற இடம் எதுவாக இருந்தாலும் அது ஓரளவு ஆற்றும். கோயிலுக்குப் போகும் குடும்பத்திடம் "போகாதே" என்று சொன்னால் அவர்கள் நம்மிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். இந்த நிகழ்வில் தீங்கு நேர்ந்தது வீட்டுத் திண்ணையில்.

இரவில் எழுந்து ஓடிவிடுவார் என்ற அச்சத்தில், தாய்மாமன் பழைய சேலையைக் கிழித்துத் திரித்து அவரை இரண்டு இரவுகள் திண்ணைத் தூணில் கட்டி வைத்தார். இடது மணிக்கட்டில் அதன் தழும்பு இன்றும் இருக்கிறது; அதன்மேல் எப்போதும் ஐந்தாறு கண்ணாடி வளையல்கள் போட்டிருப்பார். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தனர். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. வீட்டுத் தூணும் பழஞ்சேலையும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. "பிள்ளை கெணத்துல விழுந்துறக் கூடாதுன்னுதான் கட்டுனேன்" என்று தாய்மாமன் என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

கிராம சுகாதார செவிலியராகப் பக்கத்து ஒன்றியத்தில் பணிபுரிந்த சித்தி ஒருவர் பொங்கல் விடுப்புக்குப் பின் தாமதமாக வந்து பார்த்திராவிட்டால், இன்னும் எத்தனை வாரங்கள் கழிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவருடைய வற்புறுத்தலால் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருமுனை மனநோயின் எழுச்சி நிலை என்று நோய் அறியப்பட்டது. இந்நோயில் மனநிலை ஒரு பருவத்தில் கட்டுக்கடங்காமல் எழும்; வேறொரு பருவத்தில் எழவே மாட்டாமல் படுத்துவிடும்; இடைப்பட்ட காலத்தில் அவர் மற்றவர்களைப் போலவே இருப்பார். அந்த இடைப்பட்ட காலத்தை நீட்டித்துத் தருவதுதான் மருந்தின் வேலை. ஓலான்சபின், லித்தியம் ஆகிய இரண்டும் கொடுக்கப்பட்டன. 24 நாட்களில் வீடு திரும்பினார்.

ஊருக்குச் சொல்லப்பட்ட காரணம் மஞ்சள் காமாலை. மறுநாளே பக்கத்து வீட்டார் கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று குடிக்கச் சொல்லிக் காத்திருந்ததால் குடித்தே ஆக வேண்டியிருந்தது. எண்ணெயும் உப்பும் சேர்க்கக் கூடாது என்று ஆளாளுக்குப் பத்தியம் சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தாய் வழக்கம்போல் சமைத்துப் போட்டதால் அப்போது ஆபத்து எதுவும் நேரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் ஓர் எச்சரிக்கை இருந்ததை நானும் கவனிக்கத் தவறினேன்.

தைராய்டு

மாதாமாதம் மாத்திரை வாங்கத் தந்தை மதுரைக்கு வந்தார். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வட்டார அரசு மருத்துவமனையிலேயே குறிப்பிட்ட நாட்களில் மனநலப் புறநோயாளிப் பிரிவு நடக்கிறது, அங்கே மாத்திரைக்குப் பணம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அங்கே வரிசையில் நின்றால் ஊர்க்காரர் யாராவது பார்ப்பார்கள் என்பதற்காகவே 40 கிலோமீட்டர் பேருந்தில் வந்து, சில மாதங்கள் மருந்துக் கடையில் காசு கொடுத்தும் வாங்கிப் போனார். இந்தியாவில் மனநோய்க்குச் சிகிச்சை பெறாதோர் மிகப் பலர். 2015-16-இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் இந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகக் கண்டது. மருத்துவர் இல்லாததும் மருந்து இல்லாததும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருந்து பக்கத்து ஊரில் இலவசமாக இருந்தும் நாற்பது கிலோமீட்டர் கடந்து போகிற மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

22 வயதில் வரன் வந்தது. மாப்பிள்ளை மதுரை ஆரப்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். நிச்சயதார்த்தத்துக்கு முன் சொல்லிவிடலாம் என்று தந்தை ஒருமுறை வாயெடுத்ததாகவும், தாய் தடுத்துவிட்டதாகவும் தந்தை கூறினார்; சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னதே தந்தைதான் என்று தாய் கூறினார். எப்படியாயினும் சொல்லவில்லை. "கழுத்துல தாலி ஏறிட்டா எல்லாம் சரியாப் போகும்" என்ற நம்பிக்கையும் இருந்தது. மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிரித்து, ஒரு காலிப் பவுடர் டப்பாவில் போட்டு, மேலே பஞ்சை வைத்து மூடி, சீர்வரிசைப் பாத்திரங்களோடு அனுப்பி வைத்தார்கள். டப்பாவைத் திறந்தால் முதலில் தெரிவது பஞ்சு. அதைத் தூக்கினால் பவுடர் வாசனையோடு மாத்திரை. ஓராண்டுக்கும் மேலாக, இரவு கணவர் குளிக்கப் போகும் நேரத்தில் அவர் அதை விழுங்கினார். கணவர் குளிக்காமல் படுத்துவிட்ட இரவுகளில் விழுங்கவில்லை.

ஒருநாள் டப்பா அகப்பட்டுக்கொண்டது. தைராய்டு மாத்திரை என்றார். கணவர் நம்பினார், நம்பியதோடு அக்கறையும் எடுத்துக்கொண்டார். "இதுக்குப் போயி ஒளிக்கணுமா, எங்கம்மாவுக்குந்தான் தைராய்டு" என்று சொல்லி, கருவுற்றபோது முதல் பரிசோதனையிலேயே தைராய்டுக்கு இரத்தம் கொடுக்க வைத்தார். முடிவு இயல்பாக வந்தது. மனைவிக்கு நோய் தீர்ந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், பிள்ளை உண்டாகியிருக்கும்போது தேவையில்லாத மாத்திரை எதற்கு என்று அவரே எடுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணால் எதுவும் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் தாயிடம் கேட்டார். தாயும் சரி என்றார்.

கருவுற்ற காலத்தில் லித்தியம் எடுக்கலாமா, நிறுத்தலாமா, அளவைக் குறைக்கலாமா என்பது மருத்துவர் உட்கார்ந்து எடைபோட வேண்டிய கேள்வி. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் இதய வளர்ச்சியை அது பாதிக்கும் சிறிய வாய்ப்பு உண்டு. திடீரென்று நிறுத்தினால் தாய்க்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதைவிடப் பெரிது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களுக்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். அந்த உரையாடலே நடக்கவில்லை. மகப்பேறு மருத்துவருக்கும் சொல்லப்படவில்லை, ஏனெனில் ஒவ்வொரு முறையும் கணவர் உடன் இருந்தார்.

ஆறாம் நாள்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்தார். தலைப்பிரசவம், பெண் குழந்தை. நான்காம் நாள் உறக்கம் போனது. பச்சை உடம்புக்காரி, பிள்ளை அழுகிறது, உறக்கம் போவது இயல்புதானே என்று விட்டுவிட்டார்கள். ஆறாம் நாள் இரவு, மடியில் இருப்பது தன் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று கத்தினார்.

பிரசவத்துக்குப் பின் வரும் இத்தகைய தீவிர மனநோய், பொதுவாக ஆயிரம் பிரசவங்களில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. ஏற்கெனவே இருமுனை நோய் உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு வரலாம். முதல் இரண்டு வாரங்களிலேயே பெரும்பாலும் தொடங்கிவிடும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து உள்ள அவசர நிலை இது. பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனைக்கு அந்த இரவிலேயே அழைத்துச் சென்றபோது, "இது மெண்டல் கேஸ், இங்க வச்சுப் பாக்க முடியாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். செய்தி கேட்டு நகரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்த கணவர், செக்கானூரணியில் வண்டியை நிறுத்தி, பட்டறையில் யாரோ முன்பு சொல்லியிருந்த 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்தார். அந்த முனையில் பேசியவர் முதலில் கேட்டது, "இதற்கு முன்னால் அவருக்கு மனநலச் சிகிச்சை ஏதாவது நடந்திருக்கிறதா?" என்பது. இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து மாமனார் வீட்டு வாசலில் அதே கேள்வியை மாமனாரிடம் கேட்டபோதுதான், அவர் பதில் சொல்லாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

விடியற்காலையில் எங்கள் பிரிவில் சேர்த்தார்கள். உண்ணவும் மறுத்துவிட்ட நிலையில், மருத்துவர் மின் அதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். "கரண்டு வைக்கப் போறீங்களா?" என்று தந்தை எழுந்து நின்றுவிட்டார். திரையில் பார்த்துப் பழகிய, நோயாளி துடிக்கத் துடிக்கக் கொடுக்கும் காட்சிதான் அவர் மனத்தில் இருந்தது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் அதைக் கொடுப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பதையும், பிரசவத்துக்குப் பிந்தைய இந்நோயில் அது விரைவாகப் பலன் தரும் என்பதையும் மருத்துவர் அவருக்கு விளக்க ஒரு மணி நேரம் பிடித்தது. ஆறு முறை கொடுக்கப்பட்டது. அதன் பிறகு லித்தியம் மீண்டும் தொடங்கப்பட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. குழந்தைக்கு ஆபத்து இருந்த முதல் பத்து நாட்கள் மட்டும் மாமியாரிடம் இருந்தது, பிறகு பகல் நேரங்களில் தாயிடம் வந்தது. லித்தியம் தாய்ப்பாலில் கலக்கும் என்பதால் பால்பவுடர் கொடுக்கப்பட்டது.

கணவர் வீட்டாரோடு நடந்த கூட்டத்தை நான் சுருக்கமாகவே சொல்வேன். "ஏமாத்திக் கட்டி வச்சிட்டீங்க" என்று மாமியார் சொன்னார். அதற்கு மறுப்பு இல்லை. கொழுந்தனார் விவாகரத்துப் பேச்சை எடுத்தார். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநோய் ஒரு காரணமாக இருப்பது உண்மை. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் ராம் நாராயண் குப்தா வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. மறைத்து முடித்த திருமணம் தனிக் கேள்வி; அதற்கு 12-ஆம் பிரிவு உண்டு. இதையெல்லாம் நான் மறைக்காமல் எடுத்துச் சொன்னேன். கணவர் சட்டம் எதையும் கேட்கவில்லை. "நான்தானே மேடம் மாத்திரைய எடுத்துப் போட்டேன்?" என்று மட்டும் கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சன்னி

இவ்வளவுக்குப் பிறகு எல்லாம் வெளிப்பட்டுவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்லப்படவில்லை: தந்தையைப் பெற்ற அப்பத்தா. ஊர் மந்தையில் பெண்கள் கூடுமிடத்தில் அவர் நடுவில் உட்காருபவர். அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று தாய் அஞ்சினார். பேத்திக்குப் பிரசவத்தில் சன்னி கண்டுவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துச் சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்தார்.

அப்பத்தா ஏழு பிள்ளை பெற்றவர். பல பிரசவம் பார்த்தவர். சன்னி கண்ட பச்சை உடம்புக்காரிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குளிர்ச்சி ஆகாது, மோர் ஆகாது, தண்ணீர் தாகத்துக்கு நாக்கை நனைக்கிற அளவுதான், அதுவும் சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தது, உப்பில்லாமல் வடித்த சோற்றில் பூண்டுக் குழம்பு. அந்த ஆண்டுச் சித்திரை வெயில் ஓட்டு வீட்டுக்குள் அனலாக இறங்கியது. இடுப்பு வலி என்றதற்குத் தாய் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

லித்தியம் என்பது ஒருவகை உப்பு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனைக் கண்டறிந்து வெளியிட்டார். இன்று வரை இருமுனை நோய்க்கு இதைப்போல் நின்று காக்கும் மருந்துகள் மிகச் சிலவே. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்ற குறுகிய வரப்புக்குள் நிற்க வேண்டும். சிறுநீரகம் லித்தியத்தையும் சமையல் உப்பில் உள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே பாவிக்கிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், கையில் இருப்பதை விடாதே என்று சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும். அதோடு லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அந்தப் பிடியை மேலும் இறுக்கும். மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே இரத்தத்தில் அளவு ஏறிவிடும்.

வீடு திரும்பிய பத்தாம் நாள் கை நடுங்கத் தொடங்கியது. தம்ளரைத் தூக்கினால் சுக்குத் தண்ணீர் சிந்தியது. பிறகு வாந்தி, நடந்தால் குடித்தவர்போல் தள்ளாட்டம், பேச்சு குழறியது. மறுபடியும் அதுதான் என்று வீடு முடிவு செய்தது. கோடாங்கிக்கு ஆள் போனது. அப்போது கணவர் குழந்தையைப் பார்க்க வந்தார். மாத்திரை விஷயத்தில் ஒருமுறை சூடுபட்டவர் என்பதாலோ என்னவோ, அவர் எங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, "இது பழைய மாதிரி இல்ல, வேற மாதிரி இருக்கு" என்றார். அன்று மாலை எடுத்த இரத்தத்தில் லித்தியம் 2.1 இருந்தது. மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள். நான்கு நாட்களில் நடுக்கம் நின்றது. சிறுநீரகத்துக்குப் பாதிப்பு இல்லை.

இதில் எங்கள் பிழையை நான் எழுதியே ஆக வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம், தாயிடம் சொன்னோம், சீட்டில் ஆங்கிலத்தில் அச்சடித்தும் இருந்தது. அந்த வீட்டில் அடுப்பங்கரை யார் கையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பத்தியம் என்ற சொல் எங்கள் விடுவிப்புப் படிவத்தில் எங்கும் இல்லை. தலைப்பிரசவம் முடிந்து சித்திரையில் கிராமத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு லித்தியம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்தியத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டது அறியாமையால் அன்று. அது எனக்குத் தெரிந்த விஷயம். என் பாட்டியும் அப்படித்தான் பத்தியம் காத்தார்.

நோயாளியின் ஒப்புதலோடு அப்பத்தாவை வரவழைத்தோம். கட்டில் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கல்லூரிக் காலத்துக் காமாலை, தைராய்டு, சன்னி எல்லாவற்றையும் பேத்தியே சொன்னார். கேட்டு முடித்து அப்பத்தா மருமகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏந் தாயி, எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு கை உப்பப் போட்டுருப்பேன்ல?"

பிறகு நடந்தவை

நோயை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துவோர் கட்சியில் நான் இல்லை. மேடையேறிச் சொல்கிறவர்களின் துணிவை மதிக்கிறேன். ஆனால் அந்தத் துணிவை இன்னொருவரிடம், அதுவும் ஒரு நாட்டுப்புறப் பெண்ணிடம், கடமையாகக் கேட்க நமக்கு உரிமை இல்லை. அவருடன் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கு வேறு. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதினார்: யாருக்குத் தெரியாவிட்டால் என் உடம்புக்குக் கெடுதல்? கணவர், சமைக்கிறவர், பிள்ளையை இரவில் பார்த்துக்கொள்கிறவர், எந்த நோய்க்குப் போனாலும் அங்கே இருக்கும் மருத்துவர். அத்தோடு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். மதுரையில் உள்ள பலர் இன்றும் மனநல மருத்துவரை "நரம்பு டாக்டர்" என்றே சொல்கிறார்கள். கோட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் அவரும் அப்படித்தான் சொல்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

மாத்திரை இப்போது ஆரப்பாளையம் வீட்டில் நாட்காட்டி ஆணியில், ஒரு துணிப்பையில் தொங்குகிறது. மாமியாரின் தைராய்டு மாத்திரையும் அதே பையில்தான். சமாதானமாவதற்கு மாமியாருக்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின. முழுமையாக ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். மருமகள் சற்று அதிகமாகச் சிரித்தால் அவர் முகம் மாறுகிறது. "சிரிக்கவும் பயமா இருக்கு மேடம், சிரிச்சா நோய்ம்பாங்க, அழுதா நோய்ம்பாங்க" என்று இவர் ஒருமுறை சொன்னார். தூக்கத்தைக் கணக்கெடுங்கள், சிரிப்பைக் கணக்கெடுக்காதீர்கள் என்று மாமியாரிடம் சொன்னேன். மூன்று இரவுகள் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் மட்டும் எங்களை அழைக்க வேண்டும் என்பது உடன்பாடு. ஒருமுறை அப்படி அழைத்தார்கள். மருந்தைக் கூட்டியதில் மருத்துவமனையில் சேராமலே அது தணிந்தது. பட்டறையின் வரவு செலவுக் கணக்கை இப்போது இவர்தான் எழுதுகிறார்.

அப்பத்தா மந்தையில் சொல்லிவிட்டார். தாய் அஞ்சியது நடந்தது. ஆனால் சொன்ன விதம் தாய் அஞ்சியதுபோல் இல்லை: "எம் பேத்தி உப்பு மாத்திர சாப்புடுறா, அதுக்கு மோர் நெறையக் குடிக்கணுமாம்" என்பதே ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி. நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. அவருக்கு அது வாயில் நுழையவும் இல்லை. அடுத்த இரண்டு மாதங்களில் அந்த ஊரிலிருந்து இருவர், அப்பத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வட்டார மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வந்தார்கள்.

இவ்வாண்டு தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். மூத்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று தந்தை என்னிடம் கேட்டார். உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம். அதாவது வராமல் போவதற்கான வாய்ப்பே மிக அதிகம் என்றேன். சொல்வதா வேண்டாமா என்பதை மூத்தவளிடம் கேளுங்கள், அது அவளுடைய செய்தி என்றும் சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்று, பலகாரத் தட்டை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் தாயிடம் மூத்தவரே சொல்லியிருக்கிறார். அவர்கள் காப்பி குடித்தார்கள், நன்றாகப் பேசினார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். அதன் பிறகு பேசவில்லை. தங்கை இரண்டு நாட்கள் அக்காவோடு பேசவில்லை.

ஆவணியில் தரகர் வேறொரு ஜாதகம் கொண்டுவந்தார். இம்முறை வீட்டுக்குள் அழைக்கும் முன்பே தந்தை வாசலில் வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "அவங்க வீட்டுலயும் ஒருத்தர் மாத்திர சாப்புடுறாரு, பேசிப் பாப்போம்" என்று தரகர் சொன்னாராம். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மூத்தவர் சென்ற வாரம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். முந்திய இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் லித்தியம் 0.7 இருந்தது.